ஒருசந்தியும் வார்ஃபரின் மாத்திரையும்

செயற்கை இதய வால்வு பொருத்தப்பெற்ற நம் சகோதரர் பலர், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ளுகின்றனர். 1954 முதல் மருத்துவத்தில் வழங்கும் இம்மருந்து, வைட்டமின் கே சத்துக்கு எதிராய் நின்று செயல்படுவது. தவக்காலச் சுத்தபோசனத்தில் திடீரெனக் கீரையை மிகுத்தால் மருந்தின் வலிமை குன்றி இரத்தம் கட்டலாம். ஒருசந்தியால் உணவு வெகுவாய்க் குறைந்தால் அவ்வலிமை மிஞ்சி இரத்தப்போக்கு நேரலாம்.

கீரையை விலக்க வேண்டியதில்லை; என்றும் ஒரே அளவாய் உண்டால் போதும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதும், ஆஸ்பிரின் முதலிய வலிமாத்திரைகளைச் சேர்ப்பதும் ஆகாது. ஐ.என்.ஆர். பரிசோதனை தவறலாகாது. மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை செல்க.

நோயாளரைத் திருச்சபை ஒருசந்திக் கடமையால் கட்டுப்படுத்துவதில்லை என்பதை நாம் நினைவூட்டுகிறோம். அவர்கள் செபத்தாலும் தருமத்தாலும் தவம் புரிவார்களாக. இறைவன் தந்த உயிரைப் பேணுவதும் பக்தியே.