ஆம்பிளிபயரை மாற்றுமுன் அறையைக் கவனியுங்கள்

வீட்டிலேயே துல்லியமாக இசை கேட்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டா? பள்ளிகொண்டாவில் நான் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் இலவசமாகவே பெறலாம்.

என் அறையில் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. 50 வாட் ஆம்பிளிபயரை விற்று, கடன் வாங்கி 100 வாட் வாங்கினேன். சொற்கள் முன்போலவே குழம்பின! ஏன்? திறன் இரு மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு திறன் வேண்டும். மேலும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதே அளவு கூடிவிடும்.

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சீராக்கும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஆளில்லாத அந்த அரங்கில் ஒலி அடங்கச் சுமார் 5.5 வினாடி ஆயிற்று. ஒரு சொல் மறைவதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி அளந்தார் சபைன். மெத்தைகள் கூடக்கூட எதிர்முழக்க நேரம் குறைந்தது. அந்நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அறை ஒலியை உறிஞ்சும் அளவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று கண்டார்.

என் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். வெறும் சிமெண்டுத் தரை, பூசிய சுவர்கள். கணக்கிட்டால் விடை 3 வினாடியை நெருங்கியது! ஜன்னலைத் திறந்தால் ஒலி வெளியேறும். ஆனால் நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் உள்ளே வரும். ஆகவே இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, தரையில் தடித்த ஜமக்காளம் விரித்தேன். சொற்கள் தெளிந்தன.

நீங்களும் அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஒலிக்கிறதா? கடைக்கு ஓட வேண்டாம். பரணில் உள்ள பழைய மெத்தையை இறக்குங்கள்.