உஷார்! இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?

பாரிவாக்கம் சிக்னலைத் தாண்டி, பூந்தமல்லி–ஆவடி சாலையில் எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணே, இருமல் நிக்கவே மாட்டேங்குது. போன வாரம் குடுத்த அதே சிரப்பைக் குடுங்க.” உஷார்! காசநோய் கண்டுபிடிக்கப்படாமல் நழுவுவது, அந்த இரண்டாவது பாட்டிலை வாங்கும்போதுதான்.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று, 2019-21ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நோய் அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடிப் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, 68 சதவீதம் பேர் அறிகுறியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். 18 சதவீதம் பேருக்கு அது காசநோயின் அறிகுறி என்றே தெரியவில்லை. 12 சதவீதம் பேர் தாங்களே மருந்து வாங்கிச் சாப்பிட்டார்கள். செலவுக்குப் பயந்தவர்கள் வெறும் 2 சதவீதம். இன்னொன்றும் தெரியவந்தது: எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 100க்கு 43 பேர் தப்பிப் போயிருப்பார்கள்!

இதை அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மனம் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. அதைவிடப் பெரிய தடை, வெட்கம். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ‘டிபி’ என்று வாய்திறந்து சொல்வார்களா? வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, சுகாதாரப் பணியாளரைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல்பவர்களும் உண்டு.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிற வழக்கத்தை முதலில் விடுங்கள். இந்த நோய் பாத்திரத்தால் பரவாது. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால்தான் பரவும். வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தாலும் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகுக்குக் காட்டியது இதே சென்னையில் நடந்த ஆய்வு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். ஆளை ஒதுக்காதீர்கள்.

மாத்திரை குறைந்தது ஆறு மாதம். ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தமோ என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது மருந்தின் நிறம். இரண்டே மாதத்தில் உடம்பு தேறியதாகத் தோன்றும். அப்போது பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். பிறகு படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தடுப்பு மாத்திரை தருவார்கள். ‘நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு?’ என்று மறுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள், புகை, குடிப் பழக்கம் உள்ளவர்கள் இரட்டிப்பு உஷாராக இருக்க வேண்டும். சத்தான சாப்பாடும் ஒரு தடுப்புதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்ததாக 2023ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் நாளைக் காலையே பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666க்குக் கூப்பிடுங்கள்.