பழைய மேஜைக்குப் புது மெருகு

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் வாடகை வீடு மாறும், வேலை மாறும், குழந்தைகளின் பேச்சுகூடச் சிறிது மாறும். மாறாமல் உடன் வருபவை இரண்டொரு மரச் சாமான்களே. தந்தையார் வாங்கிய மேஜை, தாயார் சீதனமாகக் கொண்டுவந்த பெட்டி, பாட்டியார் அமர்ந்திருந்த நாற்காலி என ஏதேனும் ஒன்று பெங்களூரில் வாழும் தமிழர் இல்லம் ஒவ்வொன்றிலும் இருக்கும். நாளடைவில் அது வெளுத்து, கீறல் விழுந்து, காண்பவர் கண்ணுக்கு ஏழ்மையாகத் தோன்றும். அப்பொழுது, "பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழும். அவ்வாறு போடுவதற்கு முன் அன்பர்கள் இக்கட்டுரையை ஒருமுறை படித்தருள வேண்டுகிறோம்.

நாம் தச்சரல்லோம், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலம் கழிப்பவர். ஆயினும் நம் வீட்டுத் தேக்கு மேஜைக்குக் கருநிறச் சாயம் ஏற்றி மெருகிட்ட அனுபவம் நமக்கு உண்டு. முதலில் கெடுத்து, பின்னர்த் திருத்திய அனுபவம் அது. ஆதலால் நாம் செய்த பிழைகளையும் மறைக்காது கூறுகின்றோம்.

மேஜையின் வரலாறு

அம்மேஜையை நம் தந்தையார் 1983-ஆம் ஆண்டில் சிவாஜிநகரில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கினார். நான்கு வாடகை வீடுகளை அது கண்டிருக்கிறது. அதன்மீதுதான் நாமும் தங்கையும் பாடம் எழுதினோம். தந்தையார் காலமான பின் அதன்மேல் துணி விரித்து மூடி வைத்திருந்தோம். தங்கைக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு மூன்று வாரங்களே இருந்தன. கூடத்தில் கிடந்த அம்மேஜை நம் கண்ணை உறுத்தியது. ஈட்டி மரத்தைப் போலக் கறுக்கச் செய்துவிட்டால் வீட்டுக்கே ஒரு மதிப்பு வரும் என்று எண்ணினோம். அம்மாவோ, "அப்பா கை பட்ட மேஜை, இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார்கள். நாம் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சென்று கருநிறச் சாயம் ஒரு டப்பா வாங்கிவந்து, பழைய மெருகின் மேலேயே பூசினோம். மறுநாள் மாலை வரை அது உலரவில்லை. நம் மகளின் நோட்டுப் புத்தகம் மேஜையோடு ஒட்டிக்கொண்டது. கீறல் விழுந்த இடங்கள் மட்டும் மையைப் போல் கறுத்தன. ஏனைய இடங்கள் சேறு பூசியவாறு காட்சியளித்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நமக்கு ஏச்சைவிடக் கடுமையாக இருந்தது.

அடுத்த தெருவில் மரவேலை செய்யும் சேலத்து அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். விரலால் தடவிவிட்டு, "தம்பி, வாயை மூடிவிட்டுச் சோறு ஊட்டினால் உள்ளே போகுமா? மரத்தின் வாயை முதலில் திறந்துவிடணும்" என்றார். சாயமேற்றும் கலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

மரத்தையும் மெருகையும் அறிதல்

சாயம் என்பது மரத்தின் நுண்துளைகளில் இறங்கி நிறம் தருவது. மெருகு என்பது அதன்மேல் தோலைப் போல் படிந்து காப்பது. பழைய தோல் இருக்கும்வரை புதிய சாயம் உள்ளே இறங்காது.

ஆகவே முதலில் பழைய மெருகு இன்னதென்று அறிய வேண்டும். மறைவான ஓரிடத்தில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிடில், எண்ணெய் வார்னிஷோ இக்காலத்துப் பாலியூரித்தேன் பூச்சோ ஆகும். அதனைத் தேய்த்தும் சுரண்டியுமே எடுக்க வேண்டும்.

மரத்தையும் அறிதல் வேண்டும். ஈட்டி மரம் இயல்பாகவே கருஞ்சிவப்பு. அதற்குச் சாயம் தேவையில்லை, பழைய மெருகை நீக்கினாலே அதன் அழகு வெளிப்படும். தேக்கும் பலாவும் சாயத்தை நன்கு ஏற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய சாமான்களும் உண்டு. அவற்றை அழுத்தித் தேய்த்தால் தோல் கிழிந்து உட்பலகை வெளிப்பட்டுவிடும், எச்சரிக்கை.

தேய்த்தல்

சேலத்து அண்ணன் சொற்படி மேஜையை வாசலுக்குக் கொண்டுவந்தோம். நம்முடையது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியாலும் மழுங்கிய தகட்டாலும் பழைய மெருகையும், நாம் பூசிய சேற்றையும் வழித்தெடுத்தோம். பின்னர் உப்புத்தாள். முதலில் 80-ஆம் எண், அடுத்து 120, முடிவில் 180. எப்பொழுதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்பொழுது தெரியாது. சாயம் பட்டதும் கறுத்த கோடாக எழுந்து நிற்கும். 220-க்கு மேல் நைசாகத் தேய்த்தலும் ஆகாது. துளைகள் அடைபட்டு மரம் சாயத்தைக் குடிக்க மறுக்கும்.

சாமானில் பழைய பெயிண்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. முற்காலப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலின் நீர் தெளித்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, குழந்தைகளை அப்பால் அனுப்பி, முகமூடி அணிந்தே செய்ய வேண்டும்.

அடிப்பலகையில் கண்டது

சாயத்தின் நிறத்தை அறிய மறைவான ஓரிடத்தில் சோதித்தல் முறை. அதற்காக மேஜையைக் கவிழ்த்து, அடிப்பலகையைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தோம். "நில்லு, நில்லு" என்று அம்மா குரல் கொடுத்தார்கள். தூசியைத் துடைத்துப் பார்த்தபொழுது, பென்சிலால் தந்தையார் எழுதிய மூன்று வரிகள் இருந்தன. வாங்கிய தேதி, மேஜையின் விலை, வண்டிக் கூலி. அவ்வளவே. கணக்கெழுதும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை அன்று அறிந்தோம். அம்மா தரையில் அமர்ந்து அவ்வெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நிமிடம் தாமதித்திருந்தால் நம் கையாலேயே அதனை அழித்திருப்போம்.

அடிப்பலகையைத் தொடாமல் விட்டுவிட்டோம். சோதனையை இழுப்பறையின் பின்பலகையில் செய்தோம். அன்பர்களே, பழைய சாமானைத் தேய்க்குமுன் அதன் அடியும் முதுகும் உள்ளும் பார்த்துவிடுங்கள்.

சாயம் ஏற்றுதல்

கருமையை எப்பொழுது வேண்டுமானாலும் கூட்டலாம். குறைத்தல் மிக அரிது. ஆதலின் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி குறைவாகவே தொடங்குதல் நலம். நாமும் ஈட்டிக் கருமையை விட்டு, காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு இறங்கிவந்தோம். அம்மாவும் அதற்கு இசைந்தார்கள்.

துளைகளுக்கு மக்கு வைக்கும்பொழுது அதனுடன் சிறிது வண்ணப்பொடியும் கலக்க வேண்டும். வெறும் மக்கு, சாயத்தை மரம்போல் ஏற்காமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நீரில் கரைந்த சாயமாயின், முதலில் வெறும் நீரால் மரத்தைத் துடைத்து, உலரவிட்டு, எழும்பிய நார்களை நைசாகத் தேய்த்துவிட வேண்டும்.

சாயத்தைத் துணியால் ரேகையின் வழியே பூசி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, மிகுதியைத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விடுவதே பிசுபிசுப்புக்குக் காரணம். பலகையின் வெட்டுமுனைகள் சாயத்தை மிகுதியாகக் குடித்துக் கறுக்கும். அங்கே நீர்த்த அரக்கை ஒருமுறை பூசிவிட்டுச் சாயமிட்டால் நிறம் ஒத்துவரும். பின் ஒரு நாள் முழுதும் உலர வேண்டும். ஈரமான நிலையில் காணும் நிறமே ஏறத்தாழ மெருகிட்ட பின் காணும் நிறம். உலர்ந்து மங்குவதைக் கண்டு அஞ்சி மீண்டும் பூசிவிடாதீர்கள்.

அரக்கின் பெருமை

அவல் போன்ற தகடுகளாய்க் கடையில் கிடைக்கும் அவலரக்கு, பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது. பார்சல்களுக்கும் பணப் பைகளுக்கும் முத்திரையிட்ட அதே அரக்குத்தான். நாம் வாழும் இக்கன்னட நாட்டுக்கும் அதற்கும் நெடுநாள் உறவு உண்டு. மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-ஆம் ஆண்டில் மைசூரில் அரக்கு, பெயிண்டுத் தொழிற்சாலையை நிறுவினார். 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் நம் விரலில் இடப்படும் அழியாத மை அங்கிருந்தே வருகிறது. மைசூர் ரயில் மார்க்கத்திலுள்ள சென்னபட்டணத்தில், கடைசல் சுழலும்பொழுது எழும் வெப்பத்தாலேயே வண்ண அரக்கை உருக்கிப் பொம்மைகளுக்கு மெருகேற்றுவதை இன்றும் காணலாம்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 200 கிராம் அவலரக்கு போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது; அரக்கு கறுத்துவிடும். பழைய வேஷ்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, அதனால் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இட வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே அரைமணி நேரமாவது விடுங்கள். மழைநாட்களில் இதனைச் செய்யலாகாது. காற்றின் ஈரம் உட்புகுந்து மெருகு வெண்மை பூக்கும். பெங்களூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை இதற்கு உகந்த காலம்.

ஸ்பிரிட் தீப்பற்றக் கூடியது. கடைச் சரக்கில் நச்சும் கலந்திருக்கும். அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் இடத்தில் வைக்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றும். திறந்த வெளியில் விரித்து உலர்த்திய பின்பே எறிய வேண்டும்.

முடிவுரை

நிச்சயதார்த்த நாளன்று மேஜை பளபளத்தது. மாப்பிள்ளை வீட்டார் எவரும் அதனைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கூறுவார்கள் என நாம் எதிர்பார்த்தது நம் பேதைமை. பேச்சு நல்லவிதமாக முடிந்தது. ஆனால் சுடச்சுடக் காப்பி நிறைந்த டம்ளர்களை அவர்கள் மேஜைமீது வைக்க, ஆறு வெள்ளை வளையங்கள் விழுந்தன. அரக்கு சூட்டைத் தாங்காது என்பதை மறந்துவிட்டோம். ஸ்பிரிட் சிறிதே தொட்ட துணியால் மெல்லத் தடவியதும் ஐந்து மறைந்தன. உணவு மேஜைக்குப் பாலியூரித்தேன் பூச்சே ஏற்றது என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்க.

ஆறாவது வளையத்தை அழிக்க வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார்கள். அது சம்பந்தியம்மாள் டம்ளர் வைத்த இடமாம். தந்தையார் அடியில் கணக்கெழுதி வைத்தார். இது மேலே இருக்கட்டும் என்றார்கள். நாமும் விட்டுவிட்டோம்.