எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள்?

1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வழக்கறிஞர்களுக்காக ஒரு பட்டியலைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டியிருக்கின்றன, அதைப் பின்பற்றினவா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினவா, செல்லாது என்றே தள்ளிவிட்டனவா என்பதைக் குறியீடுகளோடு சொல்லும் பட்டியல் அது. செத்துப்போன தீர்ப்பை நம்பி வாதாடி நீதிபதியிடம் மூக்குடைபடாமல் இருக்க வக்கீல்களுக்கு அது தேவைப்பட்டது.

அதே உத்தியை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார் யூஜீன் கார்ஃபீல்டு. 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த அவருடைய நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்ற தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளைத் தேடிப் போகலாம். நூலகத்தில் தேடுவதற்கான கருவி, அவ்வளவுதான். ஆனால் வழியில் ஒன்று தொலைந்துபோனது. ஷெப்பர்டின் பட்டியலில் ஏன் எடுத்துக்காட்டினார்கள் என்பது இருந்தது. இதில் எத்தனை முறை என்பது மட்டுமே மிஞ்சியது.

அதனால் என்ன ஆகும்? எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலானவை அது தவறு என்று சொல்வதற்காக. கணக்கில் அவையும் ஒவ்வொன்றும் ஒன்றுதான்.

மறுபக்கம், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை விவரித்து ஆலிவர் லௌரியும் மூவரும் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியது. அந்த முறையைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் அல்லவா? டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த வாட்சன்–கிரிக் கட்டுரையோ 2014-இல் ‘நேச்சர்’ தொகுத்த முதல் நூறு இடங்களில்கூட இல்லை. பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட உண்மைக்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை.

இனி இம்பாக்ட் ஃபேக்டர். இது கட்டுரைக்கானது அல்ல, இதழுக்கானது. ஓர் இதழ் 2022, 2023-இல் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024-க்கான எண் வரும். சராசரி என்பதால் ஒரே கட்டுரை அதைத் தூக்கி நிறுத்திவிடும். 2008-இல் ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ இதழில், படிக அமைப்பைக் கண்டறியும் ‘ஷெல்எக்ஸ்’ மென்பொருளின் வரலாற்றை ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துவோர் இதையே மேற்கோள் காட்டலாம் என்று சுருக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அப்படியே செய்தார்கள். சுமார் 2 ஆக இருந்த இதழின் எண் 2009-இல் ஏறக்குறைய 50 ஆனது. ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரண்டையும் மிஞ்சியது. 2011-இல் இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து 2008 வெளியேறியதும் மறுபடி 2-க்கே வந்துவிட்டது. நடுவில் அந்த இதழின் மற்றக் கட்டுரைகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆளை அளக்க வந்தது ஹெச்-இண்டெக்ஸ். 2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 40, 12, 6, 4, 1 மேற்கோள்கள் என்றால் அவருடைய எண் 4. குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. அந்த 40, 4,000 ஆனாலும் எண் 4-தான். வயதாக ஆக ஏறுமே தவிர இறங்காது. கணிதக்காரரை உயிரியல்காரரோடு இதை வைத்து ஒப்பிடவே கூடாது. கணிதக் கட்டுரையின் அடியில் வரும் மேற்கோள் பட்டியலே சிறியது. கூகுள் ஸ்காலர் காட்டும் எண்ணும் ஸ்கோபஸ் காட்டுவதும் ஒரே ஆளுக்கே வேறுபடும், ஏனென்றால் இரண்டும் தேடும் இடங்கள் வேறு.

இவற்றைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு துறையில் எந்தக் கட்டுரைகள் புழக்கத்தில் இருக்கின்றன என்று அறிய இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் தனி ஆய்வாளரை எடைபோட இதழின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் உருவாக்கிய டோரா பிரகடனம் கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் நம் யூஜிசியின் 2018 விதிமுறைகளில், கல்லூரி ஆசிரியரின் ஆய்வு மதிப்பெண்ணுக்கு இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்த்துப் புள்ளி கூட்டும் அட்டவணை இருக்கிறது: ஒன்றுக்குக் கீழே என்றால் 10, பத்துக்கு மேலே என்றால் 30. ஆக்டாவின் ஏறிய எண்ணுக்கு இந்த அட்டவணையை வைத்துப் பார்த்தால், ஷெல்ட்ரிக்கின் பக்கத்தில் அச்சான, யாருமே படிக்காத கட்டுரைக்கும் முழு 30 கிடைத்திருக்கும்.