பைப்புக்குள் விழும் சம்மட்டி அடி



கிணற்றுத் தண்ணீரைத் தரைக்கடியில் பைப் போட்டு மேட்டு வயலுக்கு ஏற்றுகிறவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மோட்டார் ஓடும்போது கரண்டு போகும். கொஞ்ச நேரத்தில் பைப்புக்குள் 'டம்' என்று சம்மட்டியால் அடித்த மாதிரி ஓர் அதிர்ச்சி. அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பல தடவை அடி வாங்கிய பைப், கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வெடிக்கும். அப்போது கடைக்காரரைத் திட்டி என்ன செய்வது?

உள்விட்டம் 3 அங்குலம், நீளம் 1,000 அடி உள்ள பைப்பில் நிற்கிற தண்ணீரின் எடை ஏறக்குறைய 1,400 கிலோ. பாரவண்டி ஓடுகிற மாதிரிதான். அதைச் சட்டென்று நிறுத்தினால் மோதல்தானே? நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் திடீரென்று நின்றால், பி.வி.சி. பைப்பில் 30, 40 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் கூடுதலாக ஏறும். இரும்புப் பைப்பில் 100 மீட்டருக்கும் மேல் போகும். உங்கள் பைப் 6 கிலோ ரகம் என்றால் தாங்குவது 60 மீட்டர். ஏற்கெனவே 35 மீட்டர் ஏற்றுகிறீர்கள். கூட்டிப் பாருங்க.

கரண்டு போனதும் மேலே போன தண்ணீர் திரும்பி ஓடிவரும். தொங்கு கதவு உள்ள ரிட்டர்ன் வால்வு தாமதமாக மூடினால், வருகிற தண்ணீர் அதில் போய் மோதும். ஸ்பிரிங் வைத்த வால்வு தண்ணீர் திரும்புவதற்குள் மூடிக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் பள்ளம் தோண்டி ஒட்டுப்போடுகிற கூலியை நினைத்தால் இது லாபம்.

பைப் மேடேறி இறங்குகிற இடத்தில் காற்று வால்வு கட்டாயம் வேணும். இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றையொன்று வந்து இடிக்கும். வளைவுகளில் பைப் நகராமல் கான்கிரீட் கட்டை போடுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் 3 அங்குலத்துக்குப் பதில் 4 அங்குலம் போட்டால், அதே தண்ணீருக்கு வேகம் பாதியளவுக்குக் குறையும். அடியும் அப்படியே குறையும்.

நாமே மோட்டாரை நிறுத்தும்போது, முதலில் கேட் வால்வை மெதுவாக முக்கால்வாசி மூடிவிட்டு அப்புறம் சுவிட்சைத் தட்டலாம். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், கரண்டு வந்தவுடனே மோட்டார் ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும்படி அதைத் திருப்பி வையுங்கள். காலி பைப்பில் தண்ணீர் விடும்போதும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காற்று முழுதும் வெளியேறிய பிறகே முழுசாகத் திறக்க வேண்டும்.