இலங்கை திறந்த இரண்டு கதவுகள்

வெளியூர் வெங்காயம் மலிவாக வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று குத்துக்கல்வலசைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துச் சம்சாரிகளின் முகமே சொல்லிவிடும். யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்கு அது 1977-க்குப் பிறகு நேர்ந்தது.

அதற்கு முன் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. கடைகளில் வரிசை நீண்டது. யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்குமோ நல்ல விலை. 1977 ஜூலையில் ஜே. ஆர். ஜெயவர்த்தன ஆட்சியைப் பிடித்தார். நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதித் தடைகளில் பெரும்பகுதியை விலக்கியது. டாலருக்கு 9 ரூபாய்க்குள் இருந்த அரசு மதிப்பு 16 ஆனது. வங்கி வட்டி உயர்ந்தது. 1979 முதல் வெளிநாட்டு வங்கிகள் கிளை திறந்தன.

வட்டியிலும் வங்கியிலும் செய்த இந்த மாற்றத்தைத்தான் நிதித் தாராளமயம் என்கிறார்கள். வட்டியை அரசு அமுக்கி வைத்தால், ஏறும் விலைவாசியில் சேமிப்பு கரையும். கடனும் செல்வாக்குள்ளவருக்கே போகும். அமுக்கத்தை எடுத்தால் சேமிப்பு பெருகித் தொழிலுக்குப் போகும் என்பது கணக்கு.

1978-ல் பொருளாதாரம் 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்து ஆடை ஆலைகளில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த வேகத்துக்கு உள்ளூர்ச் சேமிப்பைவிட வெளிநாட்டு உதவியே கைகொடுத்தது. 30 ஆண்டுகளுக்கு வகுத்த மகாவலி ஆற்று நீர்த்திட்டத்தை 6 ஆண்டுகளில் முடிக்கப் பார்த்தார்கள். பணம் கொட்டியது, 1980-ல் விலைவாசி ஏறத்தாழ 26 சதவீதம் ஏறியது. வட்டி கூடியும் சேமித்தவர் கையில் மிஞ்சவில்லை. பிறகு 1983 கலவரம், போர்.

ஆனாலும் பெரிய பிழை 1977-ல் திறந்த முதல் கதவில் இல்லை, 2007-ல் திறந்த இரண்டாவது கதவில்தான் இருக்கிறது என்பேன். அந்த ஆண்டு உலகச் சந்தையில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள்; வட்டி 8.25 சதவீதம். உதவிக் கடனுக்குத் தவணை நீளம், வட்டி சொற்பம். பத்திரத்துக்கோ கெடு வந்தால் மொத்த அசலையும் டாலராகவே எண்ணி வைக்க வேண்டும். பத்திரங்கள் அடுக்கடுக்காக வந்தன. டாலர் கொண்டுவரும் ஏற்றுமதி அதற்கேற்ப வளரவில்லை. 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். அடுத்து கொரோனா, சுற்றுலாவும் நின்றது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

இறக்குமதிக்கு டாலர் இல்லாத அந்த ஆண்டு யாழ்ப்பாணத்து விவசாயி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் வாங்கக் கேனோடு வரிசையில் நின்றார்.