சட்டம் அறியாத களிற்றின் கணக்கு

திருவனந்தபுரம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரி கேரள சட்டப் பேரவை 2024 பிப்ரவரியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1972-ஆம் ஆண்டின் அச்சட்டத்திலேயே மாநிலங்களுக்குப் போதிய அதிகாரம் உள்ளது என்பது மத்திய அரசின் நிலை. இதையடுத்து 2025 அக்டோபரில் பேரவை தானே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. வனவிலங்குகள் 1976 முதல் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்திய சட்டத்துடன் முரண்படும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை.

ஆட்கொல்லி விலங்குகளைச் சுடும் அதிகாரம் யாருக்கு என்பதே இந்த வாதத்தின் மையம். அவை ஏன் ஊருக்குள் வருகின்றன என்ற கேள்வியோ பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

பெண் யானையின் கர்ப்ப காலம் சுமார் 22 மாதங்கள். அதன் பின் கன்றுக்குப் பாலூட்டும் காலம். எனவே, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் சில நாள்களே அது இணை சேரும் நிலையில் இருக்கும். இதனால் களிறுகளுக்கிடையே போட்டி கடுமையாகிறது. மதம் கொண்ட களிறு உணவைக் குறைத்து எடை இழக்கிறது. நன்கு உண்டு பருத்த களிறே நீண்ட நாள் தாக்குப் பிடித்துப் போட்டியில் வெல்லும்.

நெல்லிலும் கேழ்வரகிலும் காட்டுப் புல்லைவிடப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். மந்தையாக வாழும் பெண் யானைகளைவிட ஆண் யானைகளே வயல்களில் அதிகம் மேய்கின்றன என்பதை ராமன் சுகுமார், மாதவ் காட்கில் ஆகியோரின் ஆய்வு 1988-இலேயே எடுத்துக்காட்டியது. உயிராபத்து உண்டு, ஆனால், கிடைக்கும் பலன் பெரிது. இளம் களிறுகள் விளைநிலப் பகுதிகளில் கூட்டணி அமைத்துத் திரிவதைத் தென்னிந்தியாவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் பெயர் பெற்ற "அரிக்கொம்பன்" இதற்குக் கண்கூடான சான்று. அந்த யானை திரிந்த பகுதியில்தான் நிலமற்ற 301 பழங்குடியினக் குடும்பங்களை மாநில அரசு குடியமர்த்தியிருந்தது. 2023 ஏப்ரலில் பெரியாறு காப்பகத்துக்கு மாற்றப்பட்ட யானை, மே மாதம் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் மாதம் தமிழக வனத் துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாறு சரணாலயத்தை ஒட்டிய காடு அது. ஒரு மாநிலத்தின் பிரச்னை இரு மாநிலங்களின் பிரச்னையாயிற்று.

வனத்தையொட்டி வாழும் விவசாயியின் உயிரச்சம் நியாயமானது. உடனடிப் பாதுகாப்பு அவரது உரிமை. ஆனால், காட்டுக்குள் மேய்ச்சல் குறைந்து, காட்டோரத்தில் கதிர் முற்றி நிற்கும்வரை, ஒரு களிற்றை அகற்றினால் இன்னொன்று வர வாய்ப்புண்டு. துப்பாக்கிக்கான அனுமதியைப் பற்றி விவாதிக்கும் இரு அரசுகளும், வழித்தடங்களையும் குடியேற்றக் கொள்கையையும் அதே அக்கறையுடன் விவாதிக்க வேண்டும்.